தீராத மனச்சோர்வும் தேட வேண்டிய சிகிச்சையும்

(கொடைக்கானல் மலையில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 



சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு சகோதரர் என்னருகே வந்து அமர்ந்தார். எல்லோரும் கலைந்து செல்லும்வரை காத்திருந்து, தணிந்த குரலில், “ஹஜ்ரத், என் மகனுக்கு மூளையில் கரண்ட் வைக்க வேண்டும் என்கிறார்கள். மார்க்கத்தில் அதற்கு அனுமதி உண்டா?” என்று கேட்டார். இக்கேள்வியை நான் செவியேற்பது இது இரண்டாம் முறை. முதல் முறை கேட்கப்பட்டபோது நான் தவறான பதிலைச் சொன்னேன். அத்தவறை அல்லாஹ்விடம் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்கள் முன்னிலையிலும் ஒப்புக்கொள்ள வேண்டிய கடமை எனக்கு உண்டு. எனவே இன்றைய உரை இது பற்றியே அமைகிறது.

அன்று நான் சொன்ன பதில்

பல ஆண்டுகளுக்கு முன், மேல்மலையில் பூண்டு விளைவிக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் வந்தார். அவருடைய மனைவிக்கு இரண்டாவது குழந்தை பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அந்தச் சகோதரி உண்பதில்லை, உறங்குவதில்லை. பெற்ற குழந்தையைக் கையில் கொடுத்தாலும் முகம் பார்ப்பதில்லை. நான் பாவி, நான் இருப்பதே இக்குழந்தைக்குக் கேடு என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மதுரைக்கு அழைத்துச் சென்று மருத்துவம் பார்த்தார்கள். ஒரு மருந்து கொடுத்தார்கள், பலனில்லை. வேறொரு மருந்தைப் பல வாரங்கள் கொடுத்தார்கள், அதற்கும் அடங்கவில்லை. அதன் பிறகே மருத்துவர் மின்னதிர்வு சிகிச்சையைப் பரிந்துரைத்தார். மக்கள் ‘ஷாக் ட்ரீட்மென்ட்’ என்று அஞ்சும் சிகிச்சை அதுதான்.

அக்கணவர் நடுக்கத்தோடு என்னிடம் கேட்டார். நான், “கரண்டெல்லாம் வேண்டாம் தம்பி, ஓதிப் பார்ப்போம், பொறுமையாக இருங்கள்” என்றேன். சிகிச்சை பற்றி எனக்கு எதுவும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு மாதங்கள் வீணாயின. ஒரு நாள் இரவு அந்தச் சகோதரி தம் உயிரை மாய்த்துக்கொள்ள முற்பட்டார். வீட்டார் விழித்துக்கொண்டதால் அல்லாஹ் காப்பாற்றினான்.

சகோதரர்களே! ஒரு ஹதீஸை நான் மதரஸாவில் ஓதியிருக்கிறேன், பிறருக்கு ஓதியும் கொடுத்திருக்கிறேன். அன்றுதான் அது என் உள்ளத்தில் இறங்கியது. ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்க, அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. ஒரு பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல்லடிபட்டுக் காயம் ஏற்பட்டது. அதன்பின் அவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்துகொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று உடனிருந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் கூறிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள் கடும் கோபம் கொண்டு, அவரைக் கொன்றவர்கள் அந்தத் தீர்ப்பைச் சொன்னவர்களே என்று கண்டித்தார்கள். தெரியாதவர்கள் கேட்டிருக்கக் கூடாதா, அறியாமை எனும் நோய்க்குக் கேள்விதானே மருந்து என்றும் கூறினார்கள்.

அங்கே தலைக் காயம். இங்கே தலைக்குள் இருக்கும் நோய். அங்கே அறியாமல் சொன்ன தீர்ப்பு. இங்கே நான் அறியாமல் சொன்ன தீர்ப்பு. அதன் பிறகே இந்நோய் பற்றி மருத்துவர்களிடம் கேட்கத் தொடங்கினேன். கேட்டறிந்தவற்றைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

மனச்சோர்வு ஈமானின் குறையா?

மனச்சோர்வு கொண்டவரைப் பார்த்து நம் மக்கள் முதலில் சொல்வது, “தொழுகை சரியில்லை, ஈமான் பலவீனம்” என்பதே. திருக்குர்ஆனை ஊன்றி ஓதினால் இவ்வாறு சொல்ல நா எழாது.

யஃகூப் நபி (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தால் கண்கள் வெளுத்துப் பார்வையிழந்த செய்தியை ஸூரா யூஸுஃப் (12:84) எடுத்துரைக்கிறது. அவர்களின் ஈமானில் குறை காண்போர் உண்டா? மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில், இதற்கு முன்பே தாம் இறந்து மறக்கப்பட்டவராக ஆகியிருக்கக் கூடாதா என்று கூறியதை ஸூரா மர்யம் (19:23) பதிவு செய்கிறது. அச்சொல்லுக்காக அல்லாஹ் அவர்களைக் கண்டித்தானா? இல்லை. கவலை வேண்டாம் என்று ஆறுதல் கூறச் செய்தான். காலடியில் நீரோடையைத் தந்தான். பேரீச்ச மரத்தை உலுக்கிக் கனியை உண்ணுமாறு பணித்தான். துயரத்தில் மரணத்தை விரும்பிய ஒரு தாய்க்கு அல்லாஹ் தந்தது ஆறுதல், உணவு, தண்ணீர். நாம் தருவதோ ஏச்சும் பேச்சும்!

அருமை நபி (ஸல்) அவர்கள் அன்னை கதீஜா (ரழி) அவர்களையும் அபூதாலிபையும் இழந்த ஆண்டு துயர ஆண்டு என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. கவலையை விட்டும் துக்கத்தை விட்டும் பாதுகாப்புத் தேடும் துஆவை அண்ணலார் அதிகமாக ஓதிவந்தார்கள் என்று அனஸ் (ரழி) அறிவிக்கிறார்கள்.

மற்றொரு செய்தியையும் கவனியுங்கள். புகாரீயில் உள்ளது. குடும்பத்தில் இறப்பு நேர்ந்தால், அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் வாற்கோதுமை மாவில் ‘தல்பீனா’ எனும் கஞ்சியைக் காய்ச்சச் சொல்வார்கள். அது நோயாளியின் உள்ளத்திற்கு இதமளித்துத் துக்கத்தின் ஒரு பகுதியைப் போக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாக அறிவிப்பார்கள். உள்ளத்தின் துக்கத்திற்கு உடலின் வழியாக ஒரு மருந்து! தொழுகையும் திக்ரும் துஆவும் அங்கே இல்லாமலா இருந்தன? இருந்தன. அவற்றோடு கஞ்சியும் அடுப்பில் இருந்தது.

முன்னோர்கள் அறிந்திருந்த உண்மை

கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்) அவர்கள், உடல் நலத்திற்கு ஒரு பாகமும் உள்ளத்தின் நலத்திற்கு மறு பாகமுமாக ஒரு நூலை இயற்றினார்கள். அதில் துக்கத்தை இரண்டாகப் பிரித்தார்கள். பிரியமானவரை இழப்பது போன்ற வெளிப்படையான காரணம் உடையது ஒன்று. காரணமே தெரியாமல் வந்து கவிவது மற்றொன்று. பின்னதன் வேர் உடலில் இருக்கிறது, அதற்கு உடலின் வழியாகவே மருத்துவம் செய்ய வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார்கள். திமிஷ்கிலும் கெய்ரோவிலும் முஸ்லிம் ஆட்சியாளர்கள் எழுப்பிய ‘பீமாரிஸ்தான்’ எனும் மருத்துவமனைகளில் மனநோயாளிகளுக்கும் இடம் ஒதுக்கி மருத்துவம் பார்த்தார்கள். இந்தப் பாரம்பரியத்தின் வாரிசுகளாகிய நாம், மனநோய் என்றதும் தாயத்துக் கடையைத் தேடி ஓடுவது எவ்வளவு வேதனை!

மருந்துக்கு அடங்காத சோர்வு

நிம்ஹான்ஸ் எனப்படும் பெங்களூரு தேசிய மனநல நிறுவனம் 2015–16-இல் 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வில் நம் தமிழகமும் இடம்பெற்றிருந்தது. வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் 20 பேரில் ஒருவர் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகிறார் என அது கூறிற்று. இக்கணக்கின்படி இந்தப் பள்ளியில் 200 பேர் இருந்தால் அவர்களில் 10 பேர் இந்நோயை அறிந்தவர்கள். யார் அவர்கள்? நமக்குத் தெரியாது. ஏனெனில் அவர்கள் வாய் திறந்தால் நாம் என்ன சொல்வோம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்நோய்க்கு மருந்துகள் உள்ளன, ஆலோசனைச் சிகிச்சையும் உள்ளது. ஆனால் எல்லோருக்கும் முதல் மருந்தே கைகொடுப்பதில்லை. அமெரிக்காவில் சுமார் 4,000 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ‘ஸ்டார்-டி’ ஆய்வில், முதல் மருந்தால் முழுமையாகத் தேறியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே. இரண்டு மருந்துகள் பலனளிக்காதவர்களுக்கு மூன்றாம், நான்காம் மருந்துகளைக் கொடுத்தபோது, ஒவ்வொரு கட்டத்திலும் ஏழில் ஒருவர் அளவுக்கே தேறினர். குறைந்தது இரண்டு மருந்துகளை உரிய அளவில், உரிய காலம் உட்கொண்டும் நீங்காத சோர்வை, சிகிச்சைக்கு எளிதில் வசப்படாத மனச்சோர்வு என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். இத்தகையோருக்காகத்தான் மூளையைத் தூண்டும் சிகிச்சைகள் வந்துள்ளன.

மின்னதிர்வு சிகிச்சை

இவற்றில் பழமையானது மின்னதிர்வு சிகிச்சை. மருத்துவமனைகளில் இ.சி.டி. என்பார்கள். 1938-இல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி எனும் இரு மருத்துவர்கள் இதைத் தொடங்கினர். ஆரம்ப காலத்தில் மயக்க மருந்து இன்றியே கொடுத்தார்கள். உடல் துடிதுடிக்கும், எலும்பு முறிவதும் உண்டு. திரைப்படங்களில் நாம் கண்டு நடுங்கும் காட்சி அக்காலத்தைச் சேர்ந்தது.

இன்று அவ்வாறில்லை. நோயாளிக்கு மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்து, பிராணவாயு செலுத்தி, உறங்கும் நிலையில் சில நொடிகள் மட்டும் அளவான மின்சாரத்தைத் தலைக்குச் செலுத்துகிறார்கள். மூளையில் ஒரு வலிப்பு எழுந்து, பெரும்பாலும் ஒரு நிமிடத்திற்குள் அடங்கிவிடுகிறது. வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை வீதம் 6 முதல் 12 தடவை கொடுப்பது வழக்கம். உண்ணாமல், பேசாமல், உயிரை வெறுத்துக் கிடக்கும் கடுமையான நிலையில் இதைப்போல் விரைந்து பலன் தரும் மருந்து வேறில்லை என்பது மருத்துவர்களின் பொதுவான கருத்து. மயக்க மருந்தும் தசைத்தளர்வு மருந்தும் இன்றி இச்சிகிச்சை கொடுப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துள்ளது.

குறையே இல்லையா? உண்டு. சிகிச்சையை ஒட்டிய நாட்களின் நினைவுகள் மங்கிப்போகும். சிலருக்கு அதற்கு முந்தைய சில மாதங்களின் நினைவுகளும் மறைந்து, அவற்றில் சில திரும்பாமலே போகலாம். சிகிச்சைக்குப் பின் மாத்திரையைத் தொடராவிட்டால், பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஆறு மாதங்களுக்குள் நோய் திரும்பிவிடுகிறது. இதையும் மறைக்காமல் சொல்வதே அமானிதம்.

நான் குறிப்பிட்ட அந்தச் சகோதரிக்குப் பின்னர் இச்சிகிச்சையே கொடுக்கப்பட்டது. நான்காம் தடவைக்குப் பின் தாமாகத் தேநீர் கேட்டாராம். ஆறாம் தடவைக்குப் பின், “குழந்தை எங்கே?” என்று கேட்டாராம். அக்கணவர் இதை என்னிடம் சொன்னபோது அழுதார். நான் தலைகுனிந்து நின்றேன். பின்னொரு நாள் அவர்களின் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டேன். அச்சகோதரி திரைக்கு அப்பாலிருந்து, “குழந்தைக்கு முதல் பல் முளைத்தது எனக்கு நினைவில்லை ஹஜ்ரத். ஆனால் இரண்டாவது பல் முளைத்ததைப் பார்த்தேன், அல்ஹம்து லில்லாஹ்” என்றார்.

காந்தத் தூண்டல் சிகிச்சை

இரண்டாவது, காந்தத்தால் மூளையைத் தூண்டும் சிகிச்சை. டி.எம்.எஸ். என்பார்கள். 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆண்டனி பார்க்கர் என்பவரும் அவருடைய குழுவினரும் இக்கருவியைச் செய்து காட்டினர். மனச்சோர்வுக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-இல் அனுமதி தந்தது.

காந்தம் எவ்வாறு மூளைக்குள் செல்லும் என்று வியக்க வேண்டாம். நம் மலையிலேயே ஒரு சான்று உள்ளது. சூரியனை நோக்கும் ஆய்வுக்கூடம் 1899-இல் இங்கு நிறுவப்பட்டது. சூரியனில் தென்படும் கரும்புள்ளிகள் வலிமைமிக்க காந்தப்புலங்கள் என்பதை 1908-இல் அமெரிக்காவில் ஹேல் என்பவர் கண்டார். அடுத்த ஆண்டே எவர்ஷெட் என்ற அறிஞர் இக்கொடைக்கானலில் அமர்ந்து, அப்புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள சூரியனிலும் காந்தத்தைப் படைத்த ரப்பு, அதே ஆற்றலை மனிதனின் நோய்க்கு மருந்தாகவும் ஆக்கித் தந்திருக்கிறான்.

கம்பிச் சுருள் ஒன்றை நெற்றிக்கு மேலே, பெரும்பாலும் இடப்புறத்தில் வைப்பார்கள். அதில் நொடிக்குள் எழுந்து மறையும் காந்தப்புலம், மண்டையோட்டைத் தடையின்றிக் கடந்து, மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. சோர்வுற்றுக் கிடக்கும் நரம்பணுக்கள் மீண்டும் மீண்டும் தூண்டப்பட்டுச் செயல்படத் தொடங்குகின்றன. மயக்க மருந்து இல்லை, நினைவிழப்பு இல்லை. நோயாளி நாற்காலியில் விழித்தே அமர்ந்திருப்பார். முடிந்ததும் எழுந்து வீட்டுக்குச் செல்லலாம். வாரத்தில் ஐந்து நாட்கள் வீதம் நான்கு முதல் ஆறு வாரங்கள் கொடுப்பது வழக்கமான முறை. தலைவலியும், சுருள் படும் இடத்தில் வலியும் சிலருக்கு உண்டாகும். வலிப்பு அரிதாக ஏற்படலாம். தலைக்குள் உலோகப் பொருளோ செவிக்கருவியோ பொருத்தப்பட்டவர்களுக்கு இது பொருந்தாது. சிகிச்சை பெற்றோரின் பதிவுகளில் ஏறத்தாழ பாதிப் பேர் நன்கு தேறினர், மூன்றில் ஒருவருக்கு அறிகுறிகள் முற்றிலும் நீங்கின. அப்படியானால் தேறாதவர்களும் உண்டு. மிகக் கடுமையான நிலைக்கு இன்றும் மின்னதிர்வையே மருத்துவர்கள் நாடுகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. கடைவீதியில் விற்கப்படும் காந்த வளையமும் காந்தப் படுக்கையும் இச்சிகிச்சை ஆகமாட்டா. ஏமாந்து பணத்தை இழக்காதீர்கள். அதுபோலவே, நம் மலையில் சுற்றுலா வருவோருக்குக் கள்ளத்தனமாக விற்கப்படும் போதைக் காளான் மனக்கவலையைத் தீர்க்கும் என்று இளைஞர்களிடம் ஒரு பேச்சு உலவுகிறது. அதிலுள்ள ரசாயனத்தை வெளிநாடுகளில் மருத்துவர்களின் கண்காணிப்பில் ஆய்வு செய்கிறார்கள் என்பது உண்மை. காட்டில் பறித்துக் காசுக்கு விற்பது ஆய்வும் அல்ல, மருந்தும் அல்ல. அது சட்டத்தால் தடுக்கப்பட்டது, போதை என்பதால் ஹராம்.

மூன்றாவது, மண்டையோட்டில் துளையிட்டு மூளையின் ஆழத்தில் மின்முனைகளைப் பொருத்தும் அறுவைச் சிகிச்சை. நடுக்குவாத நோய்க்கு இது நன்கு நிலைபெற்ற மருத்துவம். மனச்சோர்வுக்காக 2005-இல் கனடாவின் டொரண்டோ நகரில் ஹெலன் மேபெர்க் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஆறு பேருக்குச் செய்ததில் நால்வர் தேறினர். உலகமே வியந்தது. ஆனால் பின்னர் 90 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் எதிர்பார்த்த பலன் காணப்படாமல் அது இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஆய்வுகள் தொடர்கின்றன. ஆகவே மனச்சோர்வைப் பொறுத்தவரை இது இன்னும் சோதனை நிலையில்தான் உள்ளது. யாரேனும் இதை உறுதியான தீர்வு என்று விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

ஏர்வாடி தந்த பாடம்

சகோதரர்களே! 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலையை நாம் மறந்துவிடலாகாது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் பலியாயின. அவர்களில் முஸ்லிம்களும் இருந்தனர், பிற சமயத்தாரும் இருந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அங்கிருந்த அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது.

அச்சங்கிலியைப் பூட்டியவர் யார்? காப்பகத்தார் மட்டுமா? மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வெட்கப்பட்ட குடும்பமும், “ஜின் கோளாறு, செய்வினை” என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர்களும், வாய்மூடி இருந்த ஆலிம்களாகிய நாங்களும் அதில் பங்குதாரர்கள் அல்லவா? பின்னாளில் அதே ஏர்வாடியில் மருந்தும் துஆவும் இணைந்து நடக்கும் வண்ணம் அரசு மருத்துவர்கள் சிகிச்சை அளிக்கும் ‘தவா–துஆ’ திட்டம் வந்தது. தவா என்றால் மருந்து. மருந்தும் வேண்டும், துஆவும் வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்ற நபிமொழி நமக்குக் கற்றுத் தருவதும் இதையே.

மார்க்கச் சட்டங்கள்

இப்போது அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருவோம். நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமவாசிகள் கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர நிவாரணம் இல்லாத நோயை அல்லாஹ் படைக்கவில்லை என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள் (திர்மிதீ, அபூதாவூத்). எனவே தகுதியுள்ள மருத்துவர் பரிந்துரைக்கும் மின்னதிர்வோ காந்தத் தூண்டலோ மார்க்கத்தில் ஆகுமானதே. அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது என்ற தடை இதில் வராது. இது மாற்றுவதற்கன்று, பழுதுபட்டதைச் சீர்படுத்துவதற்கே.

மருத்துவத் தேவைக்காக மயக்க மருந்து கொடுப்பது கூடும். மயக்கம் வந்தால் உளூ முறிந்துவிடும். மீண்டும் செய்துகொள்ள வேண்டும். மயக்கம் சிறிது நேரமே நீடிப்பதால் தொழுகைக் கடமை நீங்காது. தெளிந்தபின் தொழ வேண்டும். தொழுதோமா என்ற நினைவே இல்லாவிட்டால், தெளிந்தபின் அத்தொழுகையை நிறைவேற்றிவிட வேண்டும். காந்தத் தூண்டலில் உடலுக்குள் எப்பொருளும் செல்லாததால் நோன்பு முறியாது. மின்னதிர்வுக்கும் நாட்பட்ட மாத்திரைகளுக்கும் நோன்பு இடையூறானால், நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை (2:184) இருக்கிறது. ரமளானுக்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

நோயாளியின் சம்மதமும் முக்கியம். வலிப்பு நோயுற்ற ஒரு பெண்மணி தமக்காக துஆ செய்யுமாறு வேண்டியபோது, பொறுமை காத்தால் சுவனம் உண்டு, விரும்பினால் துஆ செய்கிறேன் என்று இரண்டையும் அவர் முன் வைத்து, தேர்ந்தெடுக்கும் உரிமையை அவரிடமே விட்டார்கள் நபி (ஸல்) அவர்கள். ஈமான் குறைந்தவள் என்று அவரை ஏசவில்லை. எனவே நோயாளியிடம் நன்மையையும் தீமையையும் எடுத்துச் சொல்லி அவரைக் கேளுங்கள். அவர் முடிவெடுக்க இயலாத நிலையில் இருந்தால், சட்டம் வகுத்த முறைப்படி பொறுப்பாளர் முடிவெடுக்கட்டும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, தொடர்ந்து இரண்டு வாரத்திற்கு மேல் ஒருவர் உறக்கமும் பசியும் இழந்து, எதிலும் நாட்டமின்றி இருந்தால் அதை நோய் என்று கருதி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாக வேண்டும் என்று பேசினால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள், தனியே விடாதீர்கள். 14416 என்ற அரசின் ‘டெலி-மானஸ்’ எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபர் முதல் இச்சேவை உள்ளது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாமல், கடும் மன உளைச்சலுக்கு ஆளானவராகவே கொள்ள வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. எனவே போலீஸுக்கு அஞ்சி மறைக்காதீர்கள்.

இரண்டாவது, கவலைப்படும் ஒவ்வொருவருக்கும் மின்சாரமோ காந்தமோ தேவையில்லை. ஆலோசனையும் மாத்திரையுமே பலருக்குப் போதுமானவை. எந்தச் சிகிச்சை யாருக்கு என்பதை மனநல மருத்துவரே தீர்மானிக்கட்டும். நானோ, நீங்களோ, பக்கத்து வீட்டாரோ தீர்மானிக்க வேண்டாம்.

மூன்றாவது, இம்மலையில் வாழ்வோரின் நெருக்கடியை ஜமாஅத் உணர வேண்டும். வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம் சிகிச்சை என்றால் பூம்பாறையிலிருந்தும் மன்னவனூரிலிருந்தும் ஒரு கூலித் தொழிலாளி தினமும் மதுரைக்கு எவ்வாறு சென்று வருவார்? வத்தலக்குண்டு வரை மலைப்பாதையில் இறங்கவே பாதி நாள் போய்விடும். கூலியும் போகும், பேருந்துக் கட்டணமும் சேரும். மதுரையில் நம் உறவினர்கள் வீடுகள் இல்லையா? நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் தங்க ஓர் அறை கொடுக்க முன்வாருங்கள். ஏழை நோயாளிக்கு ஜகாத் பணத்தை அவர் கையில் உரிமையாக்கிக் கொடுத்தால் ஜகாத்தும் நிறைவேறும், சிகிச்சையும் நடக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உள்ளது. தனியாரிடம் கடன் வாங்கிச் செல்வதற்கு முன் அங்கே விசாரியுங்கள். நம் பைத்துல்மாலிலிருந்து இதற்கென ஒரு தொகையை ஒதுக்குமாறு நிர்வாகத்தாரை இம்மிம்பரிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.

நான்காவது, தேறி வந்தவரைத் தேறியவராகவே நடத்துங்கள். “இவனுக்கு கரண்ட் வைத்திருக்கிறார்கள்” என்று பெண் கொடுக்க மறுப்பதும், சந்தையில் கேலி பேசுவதும் பெரும் பாவம். நெஞ்சைப் பிளந்து இருதய அறுவை செய்தவரை நலம் விசாரிக்கிறோம். மூளைக்குச் சிகிச்சை பெற்றவரை மட்டும் ஏன் ஒதுக்குகிறோம்?

அந்தத் தந்தைக்கு நான் இம்முறை சொன்ன பதில் இதுதான்: “பாய், மார்க்கம் தடுக்கவில்லை. மருத்துவர் சொன்னதை இன்னொரு முறை நன்றாகக் கேட்டுக்கொள்வோம். தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள். நான் துஆவும் செய்கிறேன், உங்களோடு பேருந்தில் வரவும் செய்கிறேன்.” போன வாரம் இருவரும் சேர்ந்து சென்று வந்தோம். சிகிச்சை தொடங்கியிருக்கிறது. முடிவு அல்லாஹ்வின் கையில்.

யா அல்லாஹ்! கவலையால் வாடும் உள்ளங்களுக்கு ஆறுதலைத் தருவாயாக! மருந்துக்கு அடங்காத நோயால் தவிப்போருக்குப் பரிபூரண ஷிஃபாவை வழங்குவாயாக! அவர்களைப் பராமரிக்கும் தாய் தந்தையருக்கும் துணைவர்களுக்கும் பொறுமையையும் வலிமையையும் தருவாயாக! மருத்துவர்களின் கைகளில் பரக்கத் செய்வாயாக! அறியாமல் பேசிய எங்கள் நாவுகளை மன்னித்து, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவை எங்களுக்கு அருள்வாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.